மக்காச்சோளத்தை எங்கே இருப்பு வைப்பது: தனியார் கிடங்கா, விற்பனைக்கூடமா, ஆணையத்தில் பதிவு பெற்ற கிடங்கா?

பெரம்பலூர் மாவட்டத்தில் தை, மாசி மாதங்களில் மக்காச்சோளம் முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் களத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவன ஆலைகளுக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரிகள் அப்போது சொல்வதுதான் விலை. ஆகவே நான்கைந்து மாதங்கள் இருப்பு வைத்து விற்கலாம் என்ற பேச்சு எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் தொடக்கத்திலிருந்தே இருந்து வந்தது. எங்கே வைப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஊரிலேயே உள்ள தனியார் கிடங்கு, வேளாண் விற்பனைத் துறையின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்துகொண்டு மின்னணு ரசீது வழங்கும் கிடங்கு என மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன. நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். இந்த அலசலும் அதன் பக்கமே சாய்ந்திருக்கும்.

வாடகையும் தூரமும் எவரும் தாமே கணக்கிட்டுக்கொள்ளக்கூடியவை. தனியார் கிடங்கு அருகில் இருக்கிறது, எந்த நேரத்திலும் திறப்பார்கள், வாடகையைப் பேசிக் குறைக்கலாம். விற்பனைக்கூடத்தில் வாடகை குறைவு. பதிவு பெற்ற கிடங்கு பெரும்பாலும் தொலைவில் இருப்பதால் வண்டி வாடகையும் ஏற்றுகூலி, இறக்குகூலியும் சேர்ந்துவிடும். கூரை, தரை, மூட்டை அட்டிக்கு அடியில் போடும் மரச்சட்டம், வண்டு விழாமல் இருக்கப் போடும் புகைமூட்டம் ஆகியவற்றை நேரில் போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்று வகையிலும் நல்லவையும் உண்டு, மோசமானவையும் உண்டு. எங்கள் முடிவு இவற்றில் எதையும் வைத்து எடுக்கப்பட்டதன்று. தானியத்தை வைத்திருப்பவரின் கையிலேயே தானியத்தின் கணக்கும் இருக்கலாமா என்ற ஒரே கேள்விதான் அதைத் தீர்மானித்தது.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல, முதலில் மக்காச்சோளத்தின் இயல்பைச் சொல்ல வேண்டும். கொள்முதலில் பொதுவாக 14 சதவீத ஈரப்பதம் வரை ஏற்றுக்கொள்ளப்படுகிறது. மாதக்கணக்கில் வைக்க வேண்டுமானால் மணி இன்னும் நல்ல காய்ச்சலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்து நச்சு சேரும். 14 சதவீத ஈரத்துடன் உள்ளே போகும் 100 கிலோவில் உலர்பொருள் 86 கிலோ. கோடையில் அது 12 சதவீதத்துக்கு இறங்கும்போது, ஒரு மணிகூடச் சிந்தாமலும் வண்டு தின்னாமலும் இருந்தாலும், எடை 97.7 கிலோவாகிவிடும். 10 டன்னுக்கு இது 227 கிலோ. இந்தக் குறைவு இயற்கையானது, யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் உள்ளே போன நாளின் ஈரப்பதம் எழுதப்படாவிட்டால், இந்த 227 கிலோவும் களவுபோன 227 கிலோவும் தராசில் ஒன்றுபோலவே தெரியும். இருப்பு வைத்த விவசாயி திருட்டு என்பார், கிடங்குக்காரர் உலர்வு என்பார். இருவருமே நேர்மையானவர்களாக இருந்தாலும் வழக்கைத் தீர்க்க வழி இராது.

எங்கள் உறுப்பினர்கள் சிலருக்கு முன்பு ஒரு தனியார் கிடங்கில் நடந்தது இதுதான். அங்கே கொடுக்கப்பட்ட சீட்டில் பெயரும் மூட்டை எண்ணிக்கையும் தேதியும் மட்டுமே இருந்தன. சரக்கு வெளியே வந்தபோது குறைந்திருந்த எடைக்கு, கிடங்குக்காரரின் நோட்டுப் புத்தகத்தைத் தவிர வேறு எந்த ஆவணமும் இல்லை, அந்த நோட்டும் அவரிடமே இருந்தது. அவர் பொய் சொன்னார் என்று நான் கூறவில்லை. அவர் சொன்னது உண்மையா என்று சோதித்துப் பார்க்க எவராலும் முடியவில்லை.

அரசு இந்தத் தொழிலைக் கண்காணிக்காமல் விட்டதில்லை. அன்றைய சென்னை மாகாணத்தில் 1951-லேயே கிடங்குகளுக்கு உரிமம் வழங்கும் சட்டம் வந்தது. ஏ.டி.கோர்வாலா தலைமையிலான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வுக் குழுவின் அறிக்கை 1954-இல் வெளிவந்ததை அடுத்து, 1956-இல் சேமிப்புக் கிடங்கு நிறுவனங்களை அமைப்பதற்கான மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. 1957-இல் மத்திய சேமிப்புக் கிடங்கு நிறுவனமும், 1958-இல் மாநிலத்தில் இன்று தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனம் என்று வழங்கும் அமைப்பும் தொடங்கப்பட்டன. இவற்றால் நல்ல கட்டடங்களும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் வந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ரசீது காகிதமாகவே இருந்தது. அந்தக் காகிதத்துக்குப் பின்னால் சரக்கு இருக்கிறதா என்று வெளியூர் வங்கி ஒன்று அறிய வேண்டுமானால், ஆள் அனுப்பி அட்டியை எண்ணுவதைத் தவிர வேறு வழி இல்லாதிருந்தது.

அட்டியை எண்ணாமல் காகிதத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2013-இல் நாடே பார்த்த சாட்சி இருக்கிறது. விளைபொருள்களைக் கிடங்கு இருப்பின் பேரில் மின்னணு முறையில் வாங்கி விற்ற மும்பைச் சந்தையான நேஷனல் ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் அந்த ஆண்டு ஜூலை இறுதியில் வர்த்தகத்தை நிறுத்தியபோது, சுமார் 5,600 கோடி ரூபாய் முதலீட்டாளர்களுக்குத் திரும்பாமல் நின்றது. கணக்கில் காட்டப்பட்ட சரக்கில் பெரும்பகுதி கிடங்குகளில் இல்லை என்பது பிறகு தெரியவந்தது. இதை ஏதோ மும்பைப் பணக்காரர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. கிடங்கு ரசீதின் மேல் வங்கிகளுக்கு நம்பிக்கை குறைந்தால், அந்த ரசீதைக் கொண்டுபோய்க் கடன் கேட்கும் சிறு விவசாயிதான் முதலில் திருப்பி அனுப்பப்படுவார்.

இனி மூன்றாவது வழிக்கு வருகிறேன். 2007-இல் இயற்றப்பட்டு 2010 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, மாற்றத்தக்க ரசீது, அதாவது இன்னொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கக்கூடிய ரசீது, வழங்க விரும்பும் கிடங்கு ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அத்தகைய ரசீது வழங்காமல் வாடகைக்கு மட்டும் இடம் கொடுப்பவருக்கு இந்தச் சட்டத்தில் கட்டாயம் இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. பலகையில் உரிம எண் எழுதியிருப்பதைப் பார்த்தே எல்லாக் கிடங்கும் ஒன்றுதான் என்று எண்ணிவிடுகிறார்கள். பதிவு பெற்றவர் வரவு, செலவு, வழங்கிய ரசீது, ரத்து செய்த ரசீது ஆகிய அனைத்துக்கும் முழுமையான பதிவேடு வைத்திருக்க வேண்டும். தம்முடைய வேறு வியாபாரத்தின் கணக்குகளோடு அதைக் கலக்கக்கூடாது. சரக்கு வராமலேயே ரசீது வழங்குவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ரசீதில் சரக்கின் அளவோடு தரம், இருப்பு வைத்த நாளின் சந்தை மதிப்பு, எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும் என்ற விவரம், வாடகை வீதம், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் ஆகியவையும் இருக்க வேண்டும்.

இவற்றைவிட முக்கியமான மாற்றம் 2017-இல் தொடங்கி 2019 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கப்பட்ட மின்னணு ரசீதுதான். என்.இ.ஆர்.எல்., சி.சி.ஆர்.எல். என்ற இரண்டு களஞ்சிய நிறுவனங்களின் (இவை தானியத்தை அல்ல, ரசீதுக் கணக்கை மட்டும் வைத்துக் காப்பவை) கணினியில் அந்த ரசீது இருக்கிறது. கிடங்குக்காரரின் மேசை இழுப்பறையில் இல்லை. எடை, தரம், ஈரப்பதம் பற்றிய விவரங்கள் ஒருமுறை ஏற்றப்பட்டபின் அவர் தாமாகத் திருத்திவிட முடியாது. வங்கி அதன் மேல் கடன் கொடுத்தால் அதே கணக்கில் அடமானக் குறியிடுகிறது, அந்தக் குறி நீங்கும்வரை ஒரு மூட்டையும் வெளியே வராது, அதே சரக்கைக் காட்டி இன்னொரு வங்கியில் கடன் வாங்கவும் இயலாது. நகைக் கடனில் நகை வங்கியின் பெட்டகத்துக்கே போய்விடுகிறது. தானியமோ மூன்றாவது ஒருவரிடம் இருக்கிறது, அதனால் கணக்காவது அந்த மூன்றாவது நபரை விட்டு விலகி நிற்க வேண்டியிருக்கிறது. எங்களை இழுத்தது இந்த ஏற்பாடுதான். தானியம் ஓரிடத்தில், கணக்கு வேறிடத்தில், இரண்டையும் ஒத்துப்பார்க்கும் ஆய்வு ஆணையத்தின் பொறுப்பில்.

கடன் விஷயத்திலும் வேறுபாடு தெளிவாக உண்டு. ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைக் கடன் நெறிமுறையில் 2021-இல் செய்யப்பட்ட மாற்றத்தின்படி, மின்னணு ரசீதின் மேல் 75 லட்சம் ரூபாய் வரையும், மற்றக் கிடங்கு ரசீதுகளின் மேல் 50 லட்சம் ரூபாய் வரையும் கொடுக்கப்படும் கடன் வேளாண் கடனாகக் கொள்ளப்பட்டது. எங்களைப் போன்ற நிறுவனத்துக்கு இந்த இடைவெளி பெரியதாக இருந்தது. கிசான் கடன் அட்டை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயி தம் பெயரிலேயே பதிவு பெற்ற கிடங்கில் இருப்பு வைத்தால், அறுவடைக்குப் பின் ஆறு மாதம் வரை பயிர்க்கடனுக்குரிய வட்டிச் சலுகையை அந்த ரசீதின் மேலும் பெறலாம். தனியார் சீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. இருப்பு வைத்த விளைபொருளின் மதிப்பில் 75 சதவீதம் வரை, உச்சவரம்புக்கு உட்பட்டு, 180 நாள் தவணையில் விவசாயிக்கு 5 சதவீத வட்டிக்குப் பொருளீட்டுக் கடன் அங்கேயே கிடைக்கிறது. வங்கிக்கு அலைய வேண்டாம், களஞ்சியத்தில் கணக்குத் தொடங்க வேண்டாம். கடன் கொடுப்பவரும் காப்பவரும் ஒருவரே என்பதால் இரட்டை அடமானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்து, இருபது மூட்டை வைத்திருக்கும் தனி விவசாயி என்னிடம் யோசனை கேட்டால், விற்பனைக்கூடத்துக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். அந்த ரசீதின் பயன் அந்த வளாகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் அதன் எல்லை. நிறுவனமாகச் சேர்ந்து நூறு டன் வைக்கும்போது, உச்சவரம்புக்குள் அடங்காத கடனுக்கும் வெளிமாவட்டத்து ஆலைக்குச் சரக்கின் தரத்தை ஆவணமாகக் காட்டுவதற்கும் அது போதவில்லை.

பதிவு பெற்ற கிடங்கில் குறைகள் இல்லாமல் இல்லை. களஞ்சியத்தில் கணக்குத் தொடங்கும் நடைமுறை பழக்கமில்லாதவருக்குச் சுமையாகவே இருக்கும். தரப் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஈரம் அதிகமான சரக்கைத் திருப்பி அனுப்புவார்கள், அப்போது ஏற்றுகூலியும் வண்டி வாடகையும் வீண். இது கண்டிப்பாகத் தோன்றினாலும், அந்தக் கண்டிப்பு இருப்பதால்தான் அட்டியில் எங்கள் சரக்கோடு ஈரச் சரக்கு சேராமல் இருக்கிறது. ரசீதின் காலம் முடிந்தும் சரக்கை எடுக்காவிட்டால் ஏலத்துக்குப் போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கிடங்குகளின் எண்ணிக்கையும் போதாது. கிடங்குக்காரர்கள் கட்ட வேண்டிய பிணைத்தொகை 2024 மார்ச்சில் சரக்கு மதிப்பில் 3 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைக்கப்பட்டது, அதனால் சிறிய கிடங்குகளும் பதிவுக்கு வரக்கூடும் என எதிர்பார்க்கிறேன். ரசீதையே வாங்குபவர் பெயருக்கு மாற்றி, சரக்கு இருந்த இடத்திலேயே இருக்க விற்கும் வசதியைப் பலரும் சிறப்பாகச் சொல்கிறார்கள். நாங்கள் ரசீதைக் கடனுக்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறோம், விற்பனை பழைய முறையில் லாரியில்தான் நடந்தது. ஆகவே அந்த வசதியை என் அனுபவத்தின் பேரில் பரிந்துரைக்க இயலாது. வெள்ளத்திலோ தீயிலோ காப்பீடு எவ்வளவு விரைவாகக் கைக்கு வரும் என்பதையும் நாங்கள் சோதிக்க நேரவில்லை.

இந்த வழியில் போகும் உழவர் நிறுவனங்கள் ஒன்றை முன்கூட்டியே செய்துவைப்பது நல்லது. மின்னணு ரசீதில் இருப்பு வைத்தவர் என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருக்கும். அதற்குள் எந்த உறுப்பினருடைய பங்கு எவ்வளவு என்பது களஞ்சியத்துக்குத் தெரியாது, நம் பதிவேட்டில்தான் இருக்கும். அங்கே மூட்டைக் கணக்கு மட்டும் எழுதினால் தனியார் கிடங்கில் இருந்த அதே குழப்பம் நம் வீட்டுக்குள் வந்துவிடும். ஒருவர் 14 சதவீத ஈரத்தில் 100 கிலோ கொண்டுவருகிறார், மற்றொருவர் நன்றாகக் காயவைத்து 12.5 சதவீதத்தில் 100 கிலோ கொண்டுவருகிறார். இருவருடையதும் 12 சதவீதத்துக்கு வரும்போது முதலாமவருடையது 97.7 கிலோ, இரண்டாமவருடையது 99.4 கிலோ. எடைக்குறைவைச் சமமாகப் பங்கிட்டால், கூடுதலாக வெயிலில் காயவைத்தவர் முதலாமவரின் ஈரத்துக்கும் சேர்த்து இழப்பைச் சுமக்கிறார். அடுத்த ஆண்டு அவரும் காயவைக்க மாட்டார்.

ஆகவே எங்கள் கொள்முதல் இடத்தில் ஈரப்பதம் அளக்கும் கருவி வைத்து, ஒவ்வொரு உறுப்பினரின் சரக்குக்கும் எடைமேடைச் சீட்டின் எண், ஈரப்பதம், அதை 12 சதவீதத்துக்கு மாற்றிய எடை ஆகிய மூன்றையும் அவர் முன்னிலையிலேயே பதிவேட்டில் எழுதி, கையொப்பம் பெற்று, நகலை அவரிடம் கொடுத்துவிடுகிறோம். விற்ற பணம் அந்த மாற்றிய எடையின் விகிதத்தில் பிரிக்கப்படுகிறது. அசல் பதிவேடு அலுவலகத்தில் இருக்கிறது. நகல் உறுப்பினர் வீட்டில் இருக்கிறது.