"தானாகத் திரும்பிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்

தீபாவளிக்குச் சில நாள் இருந்தபோது, மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு மின்சாதனக் கடையில் அம்மாவுக்கு ஐஸ்பெட்டி வாங்கினேன். விலை 1,980 வெள்ளி (ரிங்கிட்). அந்த ஒரு பெட்டிக்கு என் கடன் அட்டையில் (கிரெடிட் கார்டு) இரண்டு முறை பணம் எடுத்துவிட்டார்கள். கூடுதலாகப் போன 1,980 வெள்ளியை மீட்க எனக்கு 38 நாள் ஆனது. அன்று இரவு ஒரு மணி நேரத்தைக் கோட்டைவிட்டதுதான் இத்தனைக்கும் காரணம். பண்டிகை நேரத்தில் அட்டையோடு கடைக்குப் போகிறவர்கள் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள்.

கடையின் பெயரை எழுதவில்லை. அது எங்களுக்குப் புதிய கடையும் இல்லை. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்திலேயே அங்கேதான் மிக்சி, மின்விசிறி எல்லாம் வாங்கினார். அந்தப் பழக்கம்தான் என் வாயை அடைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணி, கடையில் நல்ல கூட்டம். கல்லாவில் இருந்த பையன் அட்டையைக் கருவியில் செருகினான். 250 வெள்ளிக்கு மேல் என்றால் வெறுமனே தொட்டுச் செலுத்த முடியாது. ஆறு இலக்க இரகசிய எண்ணை அழுத்த வேண்டும். அழுத்தினேன். சீட்டு வெளியே வரத் தொடங்கியது. கடையின் பெயர், தேதி, அதற்குக் கீழே தொகை அரையும் குறையுமாக அச்சாகும்போதே காகிதம் தீர்ந்துவிட்டது. சுருளின் முடிவைக் காட்டும் இளஞ்சிவப்புக் கோடு ஓரத்தில் ஓடியிருந்தது. பையன் அந்தத் துண்டைக் கிழித்து மேசையில் போட்டான். "அக்கா, போகவில்லை. இன்னொரு தடவை போடுங்கள்" என்றான். புதுச் சுருளை மாட்டியதும் நானும் மறுபேச்சில்லாமல் மீண்டும் எண்ணை அழுத்தினேன். இந்த முறை முழுச் சீட்டு வந்தது. கிழித்துப் போட்ட துண்டையும் ஏனோ எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்தத் துண்டுதான்.

வீட்டுக்குப் போகும் வழியில் கைப்பேசியைப் பார்த்தால் வங்கியிலிருந்து இரண்டு குறுஞ்செய்திகள். இரண்டிலும் 1,980. உடனே வண்டியைத் திருப்பினேன். கடையை அடைந்தபோது மணி எட்டு. முதலாளி என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். வங்கிச் செயலியில் இரண்டு வரிகளுக்கும் பக்கத்தில் 'பெண்டிங்', அதாவது நிலுவை, என்று இருந்தது.

"தங்கச்சி, முதல் தடவை போகவே இல்லை. சும்மா காட்டுகிறது. இரண்டு மூன்று நாளில் தானாகத் திரும்பிவிடும். நம் கடையில் இப்படி எத்தனையோ நடந்திருக்கிறது."

"சரி அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரவு பத்து மணிக்கு மனம் கேட்காமல் வங்கியின் 24 மணி நேரத் தொலைபேசிச் சேவையை அழைத்தேன். பேசிய அதிகாரி பொறுமையாக விளக்கினார். முதல் தடவையும் வங்கி ஒப்புதல் கொடுத்திருக்கிறது. காகிதம் தீர்ந்ததற்கும் பணம் போவதற்கும் சம்பந்தமே இல்லை. கருவியில் புதுச் சுருளை மாட்டி அதே சீட்டை மறுபடியும் அச்சிட்டிருந்தாலே போதும். கடைக்காரர் அன்றைய கணக்கை முடித்து அனுப்புவதற்குள் அதே கருவியில் 'வாய்ட்' செய்திருந்தால் முதல் தொகை அங்கேயே ரத்தாகியிருக்கும். "கடை இன்னும் திறந்திருக்கிறதா அம்மா?" என்று கேட்டார். ஒன்பது மணிக்கே அடைத்திருப்பார்கள்.

நிலுவையில் இருக்கும் ஒரு பரிவர்த்தனை என்ன என்று அதிகாரி சொன்னதை அம்மாவுக்கு விளக்கியபோதுதான் எனக்கே தெளிவாயிற்று. நம் வீடுகளில் 555 புத்தகம் இருந்ததல்லவா, மளிகைக் கடையில் கடன் எழுதும் சின்னப் புத்தகம்? நிலுவை என்பது அதில் பென்சிலால் எழுதிய வரி. வங்கி சரி என்று சொல்லி அந்தத் தொகையை உங்கள் அட்டையின் கடன் வரம்பிலிருந்து ஒதுக்கி வைத்துவிட்டது. ஆனால் கடைக்கு இன்னும் கொடுக்கவில்லை, உங்கள் கடனாகவும் பதியவில்லை, வட்டியும் ஓடாது. இரவு கடைக்காரர் கருவியில் கணக்கு முடிக்கும்போது, 'செட்டல்மெண்ட்' என்று அவர்கள் சொல்வது, அந்த வரி மையால் எழுதப்படுவதற்குப் புறப்பட்டுவிடுகிறது. பல கருவிகள் இரவில் தாமாகவே அனுப்பிவிடும். பிறகு ஒன்று முதல் மூன்று வேலை நாளில் அது உங்கள் கணக்கில் பதிவாகும். அதன் பின் ரத்து என்ற பேச்சே இல்லை. கடை பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது நீங்கள் வங்கியில் ஆட்சேபம் எழுத வேண்டும்.

முதலாளி சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் ஆபத்து. கடை கணக்கை அனுப்பாமலே விட்டால் நிலுவைத் தொகை சில நாளில் தானாக விடுபடும். பெட்ரோல் நிலையத்தில் நடப்பதும் இதுதான். எண்ணெய்த் தூணிலேயே அட்டையைப் போட்டு மோட்டார் சைக்கிளுக்கு 10 வெள்ளிக்கு ஊற்றினாலும் 200 வெள்ளியை ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள். சரியான தொகை வந்த பிறகு மிச்சம் விடுபடும். உள்ளே போய்க் கல்லாவில் 10 வெள்ளி என்று சொல்லிச் செலுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. டெபிட் அட்டை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள், ஏனென்றால் முடங்குவது உங்கள் சேமிப்புப் பணமே. ஆனால் என் விஷயத்தில் கடை இரண்டு சீட்டையும் அன்றிரவே அனுப்பிவிட்டது. அனுப்பிய பிறகு எது தானாகத் திரும்பும்?

திங்கட்கிழமை அம்மாவை ஈப்போவுக்குக் கண் அறுவைக்கு முன்பணம் கட்ட அழைத்துப் போனேன். 1,500 வெள்ளி. அட்டை மறுக்கப்பட்டது. என் சம்பளம் மாதம் 2,400 வெள்ளி. ஆண்டுக்கு 36,000 வெள்ளிக்குள் சம்பாதிப்பவருக்கு ஒரு வங்கி தரும் வரம்பு மாதச் சம்பளத்தின் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. எனக்கு 4,800. ஏற்கெனவே 600 செலவு, இரட்டையாகப் போன 3,960, மிச்சம் 240. நிலுவை இன்னும் கடனாகவில்லை என்று அதிகாரி சொன்னது சரிதான். ஆனால் வரம்பை அது அன்றே விழுங்கிவிட்டது. பெரிய சம்பளக்காரருக்கு இது ஓர் எரிச்சல், அவ்வளவுதான். எங்களைப் போன்றவர்களுக்கு மருத்துவமனை முகப்பில் பின்னால் நிற்பவர்கள் பார்க்க அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அம்மா ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெளியே நடந்தார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு வரிகளும் கணக்கில் பதிவாகிவிட்டன. முதலாளி குரல் மாறிவிட்டது. "எங்கள் கணக்கில் ஒன்றுதான் வந்தது, வங்கியில் கேள்" என்றார். வங்கியில் ஆட்சேபப் படிவம் எழுதினேன். முழுச் சீட்டு, பாதிச் சீட்டு, பெட்டிக்கான ஒரே ரசீது, குறுஞ்செய்திகளின் படம் எல்லாவற்றையும் இணைத்தேன். பாதிச் சீட்டில் தேதியும் நேரமும் தெளிவாக இருந்தன. இரண்டுக்கும் நடுவே மூன்றே நிமிடம். அந்தச் சீட்டு வகைக் காகிதம் சூட்டில் மங்கிவிடும், கிடைத்த அன்றே படம் எடுத்துவிடுங்கள். ஆட்சேபத்துக்கு ஒவ்வொரு வங்கியும் கெடு வைத்திருக்கிறது. கணக்கறிக்கை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு அடி கணக்கறிக்கை வந்தபோது விழுந்தது. தகராறில் இருந்த 1,980ஐ விட்டுவிட்டு மிச்சத்தைக் கட்டினேன். முழுத் தொகையும் கட்டவில்லை என்று வட்டி 20 வெள்ளிச் சொச்சம் ஏறியது. ஆட்சேபத் தொகைக்கு விசாரணை முடியும்வரை வட்டி போடாமல் நிறுத்தி வைக்கும்படி முதல் நாளே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். பிறகு கேட்டுத்தான் நீக்க வைத்தேன். எப்படியானாலும் குறைந்தபட்சத் தொகையைத் தவறவிடாதீர்கள். தவறினால் தாமதக் கட்டணமும் சேரும்.

நான்காவது வாரம் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தின் படிவத்தை அச்சிட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். மனுவுக்கு 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். முதலாளி அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாளில் வங்கி பணத்தைக் கணக்கில் சேர்த்தது. கடை ஒப்புக்கொண்டதா, வங்கியே முடிவு செய்ததா என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வங்கி கைவிரித்திருந்தால் அடுத்து நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவைக்குப் போக இருந்தேன். 2025 ஜனவரியிலிருந்து இயங்குகிறது, பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் முதலில் வங்கியிடம் புகார் செய்திருக்க வேண்டும்.

இடையில் யாராவது அழைத்து, உங்கள் நிலுவையை ரத்து செய்கிறோம், உங்கள் கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணைச் சொல்லுங்கள் என்றால் துண்டித்துவிடுங்கள். சொல்லித் தொலைத்துவிட்டால் உடனே தேசிய மோசடிப் புகார் மையத்தை 997 என்ற எண்ணில் அழையுங்கள்.

அன்று எட்டு மணிக்கு நான் கேட்டிருக்க வேண்டியது இதுதான்: "அண்ணே, கணக்கு முடிப்பதற்குள் முதல் சீட்டை வாய்ட் செய்து, அந்தச் சீட்டை என் கையில் கொடுங்கள்." அவர் மறுத்திருந்தால் கடையிலிருந்தபடியே வங்கியை அழைத்து அவரிடம் பேசச் சொல்லியிருக்க வேண்டும். சீட்டு வராவிட்டால் செயலியைப் பார்க்காமல் இரண்டாவது முறை எண்ணை அழுத்தியிருக்கவும் கூடாது.

அம்மாவின் கண் அறுவை ஒன்றரை மாதம் தள்ளிப்போய் நடந்தது. அந்தப் பாதிச் சீட்டை அவர் தம் பழைய 555 புத்தகத்தில் செருகி வைத்திருக்கிறார். எழுத்து இப்போது ஏறக்குறைய மறைந்துவிட்டது. இளஞ்சிவப்புக் கோடு மட்டும் தெரிகிறது.