சிப்பி ஓட்டில் பொத்தல்: நத்தையா, கடற்பஞ்சா?

கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக்கு இறங்கினால், பொத்தல் விழுந்த சிப்பி ஓடுகள் கிடைக்கும். துளைத்தது யார் என்று ஓடே காட்டிக்கொடுக்கும்.

ஒரேயொரு துளை, அளவெடுத்ததுபோல வட்டமாக இருந்தால், ஊனுண்ணி நத்தையின் வேலை. சுரப்பால் சுண்ணாம்பை இளக்கி, அரம்போன்ற நாக்கால் சுரண்டி, சதையைத் தின்றுவிடும். கதை அத்தோடு சரி.

இடியப்ப உரலின் அடித்தட்டுப்போல ஓடு முழுக்கப் பொத்தலா? அது துளைக்கும் கடற்பஞ்சு; பஞ்சு என்றாலும் ஒட்டி வாழும் ஒரு விலங்குதான். எனக்கு இதுதான் பெரிய அதிசயம். சதையைத் தொடாது, கடல்நீரை வடிகட்டித்தான் சாப்பாடு. ஓடு அதற்கு வெறும் வீடு. அமிலத்தால் சுற்றிவர அரித்து, கண்ணுக்குத் தெரியாத சில்லுகளாகப் பெயர்த்து வெளியே தள்ளும். வெளியே சின்னப் பொத்தல், உள்ளே அறை அறையாகக் குடைவு. இத்தகைய பஞ்சு இனங்களில் ஒன்றை விலங்கியலாளர் ராபர்ட் கிரான்ட் 1826இல் ஸ்கொட்லாந்தில் விவரித்தார்.

சிப்பியும் சும்மா இராது. உள்பக்கம் புதுப் பூச்சுப் பூசிக்கொண்டே இருக்கும். வளர்ச்சிக்கான சத்தெல்லாம் மேசன் வேலைக்கே போய்விடும், பாவம். நலிந்த ஓட்டை நண்டு இலகுவாக நொறுக்கும்.

செத்த ஓட்டையும் பஞ்சு குடையும். உள்ளே பூச்சுத் திட்டுகள் தெரிந்தால், சிப்பி உயிரோடு இருந்தபோதே குடியேறியது எனலாம்.