அக்காவின் பயாப்சி ரிப்போர்ட்டில் விட்டுப்போன வரி

மூன்று வார லீவில் சிங்கப்பூரிலிருந்து கும்பகோணம் போனேன். அதற்கு முந்தின மாதம்தான் பித்தப்பையில் கல் என்று அக்காவுக்கு லேப்ராஸ்கோப்பியில் பையை எடுத்திருந்தார்கள். கற்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அத்தானிடம் கொடுத்தார்களாம். பயாப்சிக்குப் போன பையில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. "ஆரம்பக் கட்டம்தாம்மா, பையையே எடுத்தாச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ரிப்போர்ட்டைப் பார்த்தேன். நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று எங்கேயும் இல்லை.

பையிலிருந்து எடுத்த திசுவின் கண்ணாடி ஸ்லைடையும், மீதித் திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்க மூன்று நாள் ஆனது. முதல் நாள் முடியாது என்றார்கள், எழுதிக் கொடுத்த பிறகு தந்தார்கள். நல்லவேளை, பத்திரமாக வைத்திருந்தார்கள். அன்று இரவே உழவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்பினோம்.

அங்கே புற்றுநோய் அறுவை மருத்துவர் ஒரு தாளில் பித்தப்பைச் சுவரை வரைந்து காட்டினார். இந்த நோயில் கட்டி எவ்வளவு பெரிது என்பதை வைத்து ஸ்டேஜ் சொல்வதில்லை, சுவரில் எந்த அடுக்கு வரை இறங்கியிருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். உள்சவ்வோடு நின்றால் டி1ஏ. தசையைத் தொட்டுவிட்டால் டி1பி. இரண்டுமே முதல் ஸ்டேஜ்தான்! ஆனால் முன்னதற்குப் பொதுவாகப் பையை எடுத்ததே போதும். பின்னதற்கு மறுபடி ஆபரேஷன் செய்து, பை ஒட்டியிருந்த கல்லீரல் பகுதியில் கொஞ்சமும் பக்கத்து நெறிகளும் (நிணநீர் முடிச்சுகள்) எடுக்க வேண்டும். "ஆரம்பக் கட்டம்" என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவு வித்தியாசம் ஒளிந்திருப்பதை நினைத்தால் இன்னும் பதறுகிறது.

தசையையும் தாண்டினால் இரண்டாம் ஸ்டேஜ். அதிலும் வயிற்றின் உள்வெளியைப் பார்த்த பக்கம் 2ஏ, கல்லீரல் பக்கம் 2பி. ஒன்றிலிருந்து மூன்று நெறிகளில் நோய் இருந்தால் குறைந்தது 3பி. நான்கோ மேலோ என்றால் 4பி. அதனால் ஆறு நெறிகளாவது எடுத்துப் பார்க்க வேண்டுமாம். பித்தப்பைக் குழாயை வெட்டிய முனையில் நோய் இருக்கிறதா என்பதும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும்.

ஸ்லைடுகளைத் திரும்பப் பார்த்ததில் அக்காவுக்கு டி1பி. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி. எடுத்தார்கள், வேறெங்கும் பரவவில்லை. லீவை இன்னும் பத்து நாள் நீட்டினேன். அந்தப் பத்து நாளுக்குள் ஆபரேஷன் முடிந்தது. 7 நெறிகள் எடுத்தார்கள், ஒன்றிலும் நோய் இல்லை. இந்த முறை ரிப்போர்ட்டில் எல்லாமே எழுதியிருந்தது. அத்தான் வாசலிலேயே நின்று அதை வரி வரியாகப் படித்தார்.