பழைய கார் சீட் வாங்குவோர் கவனத்திற்கு: லேபிள் உரிக்கப்பட்ட இருக்கையைத் தொடாதீர்கள்

குழந்தைகளுக்கான பொருள்களைப் பழையதாக வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. சட்டைகள், படப்புத்தகங்கள், மரப் பொம்மைகள், குளியல் தொட்டி என எங்கள் வீட்டில் இருப்பவற்றில் பாதி பிறர் பயன்படுத்திக் கொடுத்தவைதாம்; இனியும் அப்படித்தான் வாங்குவோம். ஆனால் காரில் குழந்தையை உட்கார வைக்கும் இருக்கையை இணையத்தில் விற்ற ஒருவர் எங்களை ஏமாற்றிய விதத்தை விவரமாக எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் அதே படங்களுடன் வேறொரு பெயரில் அவருடைய விளம்பரம் மீண்டும் வந்திருக்கிறது.

ஒரே குழந்தை பயன்படுத்தியது, வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, எந்த விபத்திலும் சிக்கவில்லை என்று விளம்பரத்தில் இருந்தது. பணம் அனுப்புவதற்கு முன் தயாரிப்புத் தேதி உள்ள லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். தயங்காமல் அனுப்பினார், தேதியும் அவர் சொன்னதோடு பொருந்தியது. வீட்டுக்கு வந்த இருக்கையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் லேபிளே இல்லை. செவ்வகமாகப் பசை மட்டும் எஞ்சி, அதில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. வழியில் உரிந்து விழுந்ததென்றால் அந்த இடத்தில் அத்தனை அழுக்கு சேர்ந்திருக்காது. ஆக, படத்தில் காட்டியது வேறோர் இருக்கை.

லேபிளை உரித்தவருக்கு ஒன்று தெரிந்திருக்கவில்லை. இத்தகைய இருக்கைகள் பலவற்றில், பிளாஸ்டிக்கை வார்க்கும்போதே கடிகார முகம் போன்ற சிறு வட்டம் பதிந்துவிடும். நடுவில் ஆண்டும், அம்புக்குறி காட்டும் இடத்தில் மாதமும் இருக்கும். எங்களுக்கு வந்ததில் அந்த வட்டம் காட்டிய ஆண்டின்படி இருக்கைக்கு வயது 9. துணியுறையைக் கழற்றியபோது நிலைமை இன்னும் மோசம். குழந்தையின் தலை சாயும் பக்கத்தில் வெள்ளைத் தெர்மோகோலின் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. அதன் மேல் காய்ந்த பசை பளபளத்தது. தோள் பெல்ட் ஒன்றின் தையல், மற்றதில் இல்லாத நிறத்து நூலில் போடப்பட்டிருந்தது.

விரிசலைப் படமெடுத்து அனுப்பியதற்கு அவர் எழுதிய பதில்: "உறை போட்டுவிட்டால் வெளியே தெரியாதே." அந்தத் தெர்மோகோல் வெறும் மெத்தை அல்ல. மோதலின்போது தானே நசுங்கி அடியின் வேகத்தைத் தாங்கிக்கொள்வதற்காக வைக்கப்படுவது. ஒருமுறை நசுங்கியோ உடைந்தோ போனால் அந்த வேலையை அது மறுபடி செய்யாது. கடுமையான விபத்துக்குள்ளான இருக்கையை, கண்ணுக்குச் சேதம் தெரியாவிட்டாலும் மாற்றச் சொல்வது இதனால்தான். பிளாஸ்டிக்கும் காருக்குள் வெயிலிலும் வெப்பத்திலும் கிடந்து தளர்கிறது. ஆகவே பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 6 முதல் 10 ஆண்டு வரை என்று ஆயுளை வரையறுக்கிறார்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரு மாடலைக் குறைபாடு காரணமாக நிறுவனம் திரும்பப் பெற்றிருக்கிறதா என்று தேடுவதற்கு மாடல் எண்ணும் தயாரிப்புத் தேதியும் வேண்டும். லேபிள் போனால் அந்த வழியும் அடைபடுகிறது.

பணம் திரும்பக் கிடைக்கவில்லை. தளத்தின் வழியாகச் செலுத்தினால் கட்டணம் பிடிப்பார்கள், நேராக அனுப்பினால் விலையில் குறைக்கிறேன் என்று அவர் முதலிலேயே கூறியிருந்தார். அது சலுகை அல்ல, தளத்திற்கு வெளியே நடந்த பணப்பரிமாற்றத்தில் தலையிட இயலாது என்ற பதிலை நமக்கு வாங்கித் தருவதற்கான ஏற்பாடு.

அதே ஆள் இப்போது, ஒரு பக்கத் தடுப்பு மேலும் கீழும் நகரும் குழந்தைக் கட்டில் ஒன்றையும் விற்பனைக்கு வைத்திருக்கிறார். அந்தத் தடுப்பு கழன்று, மெத்தைக்கும் அதற்கும் இடையே சிக்கிக் குழந்தைகள் இறந்த காரணத்தால், இவ்வகைக் கட்டிலைப் பழையதாக விற்பதுகூட அமெரிக்காவில் 2011 ஜூன் 28 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. வேறு வகைக் கட்டிலானாலும் கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி 6 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா என்று அளந்து பாருங்கள். திருகுகளில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

கார் சீட்டைப் பொறுத்தவரை, அதன் முழு வரலாறும் தெரிந்த உறவினரிடமோ நண்பரிடமோ தவிர வேறெவரிடமும் பழையதாக வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். செலவைக் குறைக்க வேண்டுமானால், புதியவற்றில் விலை குறைந்ததை வாங்கலாம். விற்பனைக்கு வரும் எல்லா இருக்கைகளுமே கட்டாயப் பாதுகாப்புச் சோதனையில் தேறியாக வேண்டிய நாடுகளில், அதிக விலையில் பெரும்பகுதி துணிக்கும் சொகுசுக்கும் போகிறது.

கடைசியில், அனுப்பும் செலவை நாங்களே ஏற்றால் இருக்கையைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அவர் எழுதினார். பணத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அடுத்தவருக்கு விற்கத்தான் கேட்கிறார் என்பது புரிந்ததால் மறுத்துவிட்டு, பெல்ட்களைக் கத்தரித்து, பிளாஸ்டிக்கின் மேல் "உடைந்தது, பயன்படுத்தாதீர்கள்" என்று அழியாத மையில் பெரிதாக எழுதிக் குப்பையில் சேர்த்தோம்.