மேன், டிஎல்டிஆர், சீட்: எந்தக் கேள்விக்கு எது?

லினக்ஸ் டெர்மினலில் டார் தொகுப்பு (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய கோப்பு) ஒன்றைப் பிரிக்க வேண்டும். கட்டளையோடு சேர்க்கும் ஆப்ஷன் எழுத்துகள் மறந்துபோய்விட்டன. 'மேன் டார்' என்று அடித்தால் டார் கட்டளையின் கையேடு திறக்கும், அதில் விடை கிடைக்கும், ஆனால் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே தேடியெடுக்க வேண்டும். மேன் பக்கம் ஆப்ஷன்களை வரிசையாக விளக்குகிறது. 'இந்த வேலையை எப்படிச் செய்வது' என்ற கேள்விக்கு அது மெதுவாகத்தான் பதில் சொல்லும்.

அந்தக் கேள்விக்கென்றே 2013-ல் தொடங்கியது டிஎல்டிஆர் என்ற எடுத்துக்காட்டுத் தொகுப்பு. ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 8 எடுத்துக்காட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒருவரி விளக்கம். தமிழிலும் சில பக்கங்கள் இருக்கின்றன. பக்கங்களை ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு இணையம் தேவையில்லை. புதிய கட்டளைக்குப் பக்கம் இல்லை என்று வந்தால் 'டிஎல்டிஆர் --அப்டேட்' கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். பழைய பிரதியே பெரும்பாலும் காரணம். எடுத்துக்காட்டில் வேறு நிறத்தில் தெரியும் பகுதி, உங்கள் கோப்பின் பெயரை எழுத வேண்டிய இடம். நகலெடுத்து ஒட்டும்போது நிறம் போய்விடும், அதை மாற்றாமலே எண்டர் தட்டுபவர்கள் அதிகம்.

டிஎல்டிஆர் 'எப்படி' என்பதைக் காட்டும், 'ஏன்' என்பதைச் சொல்லாது. தொகுப்பு உருவாக்கும் 'டார் -சிஇசட்எஃப்' என்பதை 'டார் -சிஎஃப்இசட்' என்று மாற்றி அடித்தால் 'இசட்' என்ற பெயரில் தொகுப்பு உருவாகும். எஃப் எழுத்தை ஒட்டி வருவதைக் கோப்பின் பெயராக டார் எடுத்துக்கொள்வதுதான் காரணம். கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையில் வரிசை மாறுவது இன்னும் ஆபத்து: '-டெலீட்' என்பதை '-நேம்' நிபந்தனைக்கு முன்னால் வைத்தால், நிபந்தனையைப் பார்க்காமலே அந்தக் கோப்புறையில் உள்ள அனைத்தையும் அழிக்கத் தொடங்கும். ஃபைண்டின் மேன் பக்கம் இதை வெளிப்படையாக எச்சரிக்கிறது. அழிக்கும், மேலெழுதும் கட்டளைகளுக்கு மேன் பக்கத்தைப் பார்க்காமல் போகவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. முழுதும் படிக்க வேண்டியதில்லை: '/^ *-டெலீட்' என்று தேடினால் அந்த ஆப்ஷனின் விளக்கத்துக்கே போய்விடலாம் (கட்டளையில் இருக்கும் ஆங்கில எழுத்துகளிலேயே அடிக்க வேண்டும்), அடுத்த இடத்துக்கு 'என்', வெளியேற 'கியூ'.

எதையும் நிறுவ அனுமதி இல்லாத சர்வரில் 'கர்ல் சீட்.எஸ்எச்/டார்' போதும். சீட்.எஸ்எச் ஓர் இணையச் சேவை, கர்ல் அதன் பதிலை டெர்மினலுக்குக் கொண்டுவரும். டிஎல்டிஆர் உட்படப் பல மூலங்களிலிருந்து திரட்டித் தரும். இணையம் இல்லையென்றால் பயனில்லை. தேடும் சொல் வெளி சர்வருக்குப் போகிறது என்பதால் ரகசியப் பெயர்களை அதில் சேர்க்காதீர்கள்.

பெயர் ஒத்திருந்தாலும் 'சீட்' என்பது கட்டளைக் குறிப்புகளை வைத்துக்கொள்ளும் வேறு கருவி. குறிப்புகள் உங்கள் கணினியிலேயே இருக்கும். 'சீட் -ஈ டார்' கொடுத்தால் எடிட்டர் திறக்கும். மேன் பக்கத்தில் தேடிப் பிடித்த எஃப் விதியை எழுதிவைக்க அதுவே சரியான இடம்.