கம்பியை எப்போது வெட்டுவது: ஒரு திட்டமிடல் மென்பொருள் பற்றிய மதிப்புரை

கோவை கணபதியில் பம்புசெட் மோட்டார்களுக்கு ஷாஃப்ட் (சுழல்தண்டு) செய்து தரும் எங்கள் பட்டறையில், மாதச் சந்தாவில் கிடைக்கும் ஓர் உற்பத்தித் திட்டமிடல் மென்பொருளை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறோம். கம்பியைக் கடையும் லேத் ஐந்து இருந்தும், கடைந்ததைத் துல்லிய அளவுக்குத் தேய்க்கும் சிலிண்டரிக்கல் கிரைண்டிங் இயந்திரம் ஒன்றே ஒன்றுதான் என்பதால், எல்லா வேலையும் அதன் முன்னால்தான் வந்து தேங்கும். லேத் சும்மா நிற்கக் கூடாது என்று, முன்பெல்லாம் ஆர்டர் வந்த அன்றே இ.என். 8 ரக எஃகுக் கம்பியை ஸ்டோரிலிருந்து கொடுத்துவிடுவோம். கடைந்து முடித்த ஷாஃப்டுகள் டிரே டிரேயாகக் காத்துக் கிடந்து, மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். அவசரமாகத் தேவைப்படும் டிரேயோ எங்கோ அடியில் கிடக்கும்.

மேலாண்மைச் சிந்தனையாளர் எலியாஹு கோல்ட்ராட் வகுத்த முறையைப் பின்பற்றும் இந்த மென்பொருள், முதலில் கிரைண்டிங்குக்கு மட்டும் அட்டவணை போட்டு, அந்தத் தேதியிலிருந்து குறிப்பிட்ட நாள்களைக் கழித்துக் கம்பி கொடுக்க வேண்டிய நாளைச் சொல்கிறது. கம்பி வெட்டியதிலிருந்து கிரைண்டிங் ஏறும் வரை எங்களுக்கு 12 நாள் ஆகிக்கொண்டிருந்ததால், அதில் பாதியான 6 நாளில் தொடங்கினோம். 20ஆம் தேதி கிரைண்டிங் ஏற வேண்டிய லாட்டுக்கு (ஒரு தொகுதி ஷாஃப்டுகளுக்கு) 14ஆம் தேதிக்கு முன்னால் ஸ்டோர் சீட்டு அச்சாகாது. யார் கேட்டாலும் ஆகாது. நான் பெரிதும் மதிப்பது இந்தக் கண்டிப்பைத்தான். அந்த 6 நாளும் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரிகின்றன. பச்சையில் இருக்கும் லாட்டைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. சிவப்புக்கு வந்தும் கிரைண்டிங் முன் வந்து சேராததை மட்டும், பெரும்பாலும் கீவே (ஷாஃப்டில் சாவி பொருந்தும் பள்ளம்) வெட்ட வெளியே போனதாகவே அது இருக்கும், ஆள் அனுப்பி வாங்கி வருகிறோம்.

குறைகளும் உண்டு. கிரைண்டிங் இயந்திரம் பழுதாகி ஒரு ஷிப்ட் போனால், கம்பி கொடுக்கும் நாளும் தானாகத் தள்ளிப்போக வேண்டும். இதிலோ நாமே மறு அட்டவணை போடும் வரை பழைய தேதிக்கே சீட்டு வருகிறது. அதைவிட வருத்தம் தருவது முகப்புத் திரை. கிரைண்டிங் நின்றால்தான் பட்டறை முழுவதற்கும் இழப்பு, லேத் சற்று நின்றால் ஒன்றும் கெட்டுவிடாது என்பதே இம்முறையின் அடிப்படையாக இருக்க, வேலையின்றி நிற்கும் லேத்தைத்தான் அது சிவப்பில் காட்டுகிறது. அதைப் பார்த்துப் பதறிச் சூப்பர்வைசர் கம்பி கேட்டு ஸ்டோருக்குப் போனால், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கட்டத்தை நீக்கித் தரும்படி நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம். இப்போதைக்கு அந்த இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்திருக்கிறோம்.