விங்ஸ் ஒஃப் வோர்: எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், மூன்று அட்டையை மட்டும் தொடாதீர்கள்

எங்கள் வீட்டில் இருப்பது ‘விங்ஸ் ஒஃப் வோர்: பேமஸ் ஏசஸ்’. இத்தாலியின் நெக்ஸஸ் நிறுவனம் 2004இல் வெளியிட்ட பழைய அட்டை விளையாட்டுப் பெட்டி. உருவாக்கியவர்கள் அந்திரேயா அஞ்சொலினோ, பியர் ஜோர்ஜியோ பாலியா. முதல் உலகப் போர்க்கால விமானங்கள் வானத்தில் ஒன்றையொன்று துரத்திச் சுடுவதுதான் விளையாட்டு. டோஹாவில் வேலை செய்யும் மச்சான் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். இலங்கை மலைநாட்டின் அப்புத்தளையில் மழைக்காலத்தில் பிள்ளைகளை வெளியே விட முடியாது. கெரம் போர்டும் டீவியும் அலுத்துப்போன வீட்டில் இந்தப் பெட்டி நிலைத்துவிட்டது.

ஆடும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு விமானமும் ஒரு அட்டை. அதற்கென்று தனியாக ஒரு நகர்வு அட்டைக்கட்டு. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று நகர்வுகளை யாருக்கும் காட்டாமல் தெரிவுசெய்து கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் முதல் அட்டையைத் திறந்து, அதிலுள்ள அம்புக்குறியின்படி விமானத்தை நகர்த்துவார்கள். எதிரி சுடும் பரப்புக்குள், பெட்டியில் வரும் அளவுகோலின் நீளத்துக்குள் இருந்தால் சுடலாம். அளவுகோலில் பாதித் தூரத்துக்குள் இருந்தால் எதிரி இரண்டு சேத அட்டை எடுக்க வேண்டும், அதற்கு மேல் என்றால் ஒன்று. எடுத்த அட்டையை எடுத்தவர் மட்டுமே பார்ப்பார். அதனால் எதிரே பறப்பவருக்கு இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று கடைசி வரை தெரியாது.

நகர்வு அட்டையிலும் சேத அட்டையிலும் வாசிக்க வேண்டிய வசனம் கிடையாது. அம்புக்குறி, எண், சின்னம், அவ்வளவுதான். விதிப் புத்தகத்தை நான் ஒருமுறை தமிழில் விளக்கிச் சொன்னேன். அதன் பிறகு ஐந்தாம் ஆண்டு படிக்கும் அக்கா மகள் யாரையும் எதுவும் கேட்காமல் விளையாடுகிறாள். ஆங்கிலம் படித்த பிள்ளைக்கு மட்டும் ஆன விளையாட்டாக இது இல்லாதது எனக்குப் பெரிய சந்தோஷம். பாடசாலையில் கணக்குப் படிப்பிப்பவன் என்பதால் இன்னொன்றையும் கவனிக்கிறேன். கோணத்தையும் தூரத்தையும் பிள்ளைகள் இதில் கண்ணாலேயே கணிக்கப் பழகிவிடுகிறார்கள்.

இனி வீட்டு விதிகள். இந்தப் பெட்டியின் உண்மையான ருசியே அங்கேதான் இருக்கிறது.

முதலில் மாற்றியது வெடிப்பு அட்டையை. சேத அட்டைகளுக்குள் வெடிப்புச் சின்னம் உள்ள அட்டையை எடுத்தவரின் விமானம் அந்த இடத்திலேயே தீர்ந்தது. முதல் சூட்டிலேயே அது வந்தால் ஒரு பிள்ளை அரை மணித்தியாலம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் வெடிப்பு எடுத்தவர் அந்தச் சுற்றில் மிச்சமிருக்கும் நகர்வுகளை முடிக்கலாம், சுடலாம், அதன் பிறகே விமானம் விழும். அட்டையைக் கட்டிலிருந்து எடுத்துவிடவும் பார்த்தோம். அப்போது பயமே இல்லாமல் எல்லோரும் எதிரியின் மூக்குக்கு நேரே பறந்தார்கள், ஆட்டம் சப்பென்று ஆனது. அட்டை கட்டுக்குள் இருக்க வேண்டும், ஆனால் கடைசி மூச்சு ஒன்றைக் கொடுக்க வேண்டும். இந்த விதியை எல்லா வீட்டுக்கும் சிபாரிசு செய்கிறேன்.

அடுத்தது உயரம். இந்த வரிசையில் உயரத்துக்கும் விருப்ப விதி இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் பாரம். நாங்கள் கெரம் காய்களால் மூன்று உயரத் தட்டு வைத்துக்கொண்டோம். மேலே ஏற ஒரு நேர் நகர்வைச் செலவழிக்க வேண்டும், இறங்குவது எந்த நகர்விலும் இலவசம். ஒரு தட்டு வித்தியாசம் என்றால் பாதி அளவுகோலுக்குள் மட்டும் சுடலாம், இரண்டு தட்டு என்றால் சுடவே முடியாது. காயை அட்டைக்கு அடியில் வைக்காதீர்கள், வழுக்கும். மேலே வையுங்கள். பெரியவர்கள் நான்கு பேர் ஆடும்போது இது அருமையாக ஓடுகிறது. பிள்ளைகள் கலந்தால் காயை மாற்ற மறந்து சண்டை வருகிறது, அன்றைக்கு உயரத்தை விட்டுவிடுவோம்.

எனக்கு மிகப் பிடித்தது மூட்ட விதி. அப்புத்தளையில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தெற்குப் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறிவந்தால் ரெயில் பாதையே மறைந்துவிடும், கொஞ்ச நேரத்தில் விலகி வெயிலும் அடிக்கும். பழைய வெள்ளைச் சாரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நான்கு துண்டு வெட்டினோம். மூட்டத்துக்குள் இருப்பவரைச் சுட முடியாது, அவரும் சுட முடியாது. துணி ஓரிடத்திலேயே கிடந்தபோது அடிபட்டவர்கள் எல்லாம் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். பிறகு மூட்டமும் நகர வேண்டும் என்று அக்காவின் மூத்த மகன் சொன்னான். எப்போது நகர்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எல்லோரும் மூன்று அட்டையையும் கவிழ்த்து வைத்த பிறகு, தாயக்கட்டையை உருட்டி, விழுந்த பக்கமாக ஒரு அளவுகோல் தூரம் துணியைத் தள்ளுகிறோம். ஒளிந்துகொள்ளத் திட்டமிட்டவர் வெட்டவெளியில் நிற்பார். சுடத் திட்டமிட்டவர் முன்னால் ஒன்றும் தெரியாது. எதிரியின் மனத்தோடு வானத்தையும் சேர்த்துக் கணிக்க வேண்டியிருக்கிறது.

இந்த விதி ஏன் பொருந்தியது என்று யோசித்தபோதுதான் விளையாட்டின் உயிர்நாடி எது என்பது எனக்குத் தெளிவானது. மூன்று அட்டையை முன்கூட்டியே மறைத்து வைப்பதுதான் அது. அதைச் சுற்றி எதைக் கட்டினாலும் நிற்கிறது. அதைத் தொட்டால் எல்லாம் சரிந்துவிடுகிறது. சின்னவளுக்கு இலகுவாக இருக்கட்டும் என்று சுற்றுக்கு இரண்டு அட்டை என்று குறைத்துப் பார்த்தோம். இம்மல்மான் என்ற நகர்வு விமானத்தை அப்படியே திருப்பிவிடும், அதற்கு முன்னும் பின்னும் நேர் நகர்வு போட வேண்டும் என்பது விதி. நேர், இம்மல்மான், நேர் என்று மூன்று அட்டைக்குள் அது கச்சிதமாக அடங்குகிறது. இரண்டாகக் குறைத்தால் திருப்பம் இரண்டு சுற்றுகளில் பிரிந்து கிடக்கிறது. நேர் நகர்வோடு சுற்றை முடிப்பவரைப் பார்த்ததும் திரும்பப்போகிறார் என்று மற்றவர்கள் ஊகித்துவிடுவார்கள். சின்னவளே மூன்றுதான் வேண்டும் என்று கேட்டுவிட்டாள்.

விமானங்களின் குணத்தையும் சமப்படுத்தப் போகாதீர்கள். “கேமல் வலது பக்கம் மட்டும் சட்டுன்னு திரும்புது, இது நியாயமில்ல மாமா” என்று முறைப்பாடு வந்தது. சொப்வித் கேமலின் எஞ்சின் காற்றாடியோடு சேர்ந்து தானும் சுழலும் வகை. அந்தச் சுழற்சியால் நிஜ விமானமே வலது பக்கம் வேகமாகத் திரும்பியது, பழகாத விமானிகள் பலரின் உயிரையும் வாங்கியது. இதைச் சொன்னதும் முறைப்பாடு சொன்னவன் கேமலை வேண்டிக் கேட்டு எடுக்கத் தொடங்கினான்.

“நம்ம நாட்டுல இப்படி நடந்திருக்கா?” என்றும் பிள்ளைகள் கேட்டார்கள். 1942 ஏப்ரல் 4இல் கொக்கலையிலிருந்து கெட்டலினா விமானத்தில் கிளம்பிய கனடா நாட்டு விமானி லெனர்ட் பர்ச்சல் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியதையும், மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலை கொழும்புக்கு மேலே நடந்த சண்டையையும், இரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிகேன் போர் விமானங்கள் எழும்பியதையும், 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டதையும் சொன்னேன். உடனே அதை ஆட வேண்டும் என்றார்கள். இந்தப் பெட்டியை வைத்து அது சரிவராது. கேமல் மணிக்கு 185 கிலோமீற்றர் அளவில் பறந்தது, ஹரிகேன் 500க்கு மேல். வேகம் வேறு என்றால் துரத்தலும் வேறு. இரண்டாம் உலகப் போருக்கு இதே வரிசையில் 2007இல் தனிப்பெட்டி வந்தது, மச்சானிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. இடம் நிறைய வேண்டும். கெரம் போர்டு போதாது, மேசையும் போதாது. ஓரத்தைத் தாண்டிய விமானம் ஆட்டத்திலிருந்து வெளியே என்ற விதி சின்ன வீட்டுக்குக் கொடுமையானது. நாங்கள் தரையில் கம்பளியை விரித்து ஆடுகிறோம், யாராவது ஓரத்தை நெருங்கினால் எல்லா விமானங்களையும் ஒரே அளவு பின்னுக்குத் தள்ளிக்கொள்கிறோம். பாயில் அட்டை வழுக்குகிறது, கம்பளியில் வழுக்குவதில்லை. ஆனால் மடிப்பு இல்லாமல் இழுத்து விரிக்க வேண்டும். இங்கத்தைய ஈரத்துக்கு அட்டைகளின் ஓரம் உப்பிவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டியை அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள்.

பழைய பெட்டி இப்போது அச்சில் இல்லை. 2012 முதல் ஏரஸ் கேம்ஸ் நிறுவனம் ‘விங்ஸ் ஒஃப் குளோரி’ என்ற பெயரில் இதைத் தொடர்கிறது, அங்கே அட்டைக்குப் பதிலாகச் சின்ன விமானப் பொம்மைகள் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க முடிந்தவர்கள் அதைப் பார்க்கலாம், பொம்மை அழகு என்றாலும் செலவு கூடும். இரண்டு பேர் மட்டும் ஆடும் வீட்டுக்கு நான் இந்த விளையாட்டைச் சொல்ல மாட்டேன். நான்கு பேர் தரையில் உட்காரக்கூடிய வீடு என்றால் தயங்காமல் வாங்குங்கள். முதல் சில ஆட்டங்களைப் புத்தகப்படியே ஆடிவிட்டு, பிறகு ஒரு தடவைக்கு ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். வெடிப்பு விதியிலிருந்து தொடங்குவது நல்லது.